கூத்துக் காண இடம் தேர்தல்

இயலும் இசையும் கூத்தும் ஒருங்கு கலந்து நிகழ்வது இசைநாடகம். இயல்நூலைப் படிப்பவன் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே படிக்கலாம். இசையைக் கேட்பவன் கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம். நாடகத்தைக் காண்பவனோ ஓரிடத்தைத் தேர்ந்து அமர்ந்தே தீரவேண்டும். அவன் அமர்ந்த இடம் எத்தகையதோ அத்தகையதே அவன் கண்ட நாடகமும். ஒரே இரவில் ஒரே களத்தில் ஐந்நூறு பேர் ஒரு கூத்தைக் கண்டாராயின், அவர் கண்டவை ஐந்நூறு கூத்துக்கள் என்றல் மிகையாகாது. ஆகவே, இசைநாடகம் காண்டற்கு நல்ல இடம் யாது, அதனைத் தேர்வது எவ்வாறு, அவ்விடம் யார்க்கு உரியது என்னும் மூன்று வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு யாம் எடுத்துக்கொண்ட களம், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரையாகும். இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமையுடையது இவ்வேரி. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையின் சிதைவையும் அவர்தம் கல்லறைகளையும் காணப் பலர் அங்குச் செல்வர். எமக்கு வேண்டியதோ அக்கோட்டையன்று, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த மீனவர் குப்பங்களே. தொண்டை நாட்டின் செல்வமாகிய தெருக்கூத்து, மதிலும் கூரையும் இன்றி வெறுமணலில் நிகழும்பொழுது, இடத்தின் இயல்பு ஒளிவு மறைவின்றி விளங்கும். கட்டிய மண்டபத்தில் கட்டுவோன் நமக்காக முன்னரே தீர்மானித்துவிட்டவற்றை, மணலில் நாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கற்பவனுக்கு இதனினும் சிறந்த பள்ளி இல்லை.

களத்தின் அமைப்பு

தெருக்கூத்தின் களம் பெரிதன்று. இருபதடிச் சதுரத்திற் பெரும்பாலும் அடங்கிவிடும். பின்புறத்தே ஒரு பலகையில் முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றை இசைப்போரும் பின்பாட்டுக்காரரும் அமர்வர். அவர்க்குப் பின்னே ஒப்பனைக் கொட்டகை. முன்னும் இருபுறமுமாக மூன்று பக்கங்களிலும் மக்கள் மணலில் அமர்வர். வேடம் பூண்டவர் முதலில் இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று பாடுவர். பின்பே திரை விலகும், வேடம் வெளிப்படும். இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து விடியுமளவும் நிகழும். தலைமை வேடத்தார் பூணும் கிரீடமும் புயங்களிற் பூணும் கட்டைகளும் ஆள் ஒருவரை இருவராகப் பெருக்கிக் காட்டுவன. விளக்கொளி மங்கலாயிருந்த காலத்தில், கடைக்கோடியில் இருப்பவனுக்கும் இவன் அரசன், இவன் காவலன் என்று தெரியும்படி அமைந்த கோலம் அது.

ஆகவே கூத்தன் மூன்று வகையால் நம்மோடு பேசுகின்றான். முகத்தாற் பேசுகின்றான், அதற்கு அண்மை வேண்டும். குரலாற் பேசுகின்றான், அதற்கு நேர்மையான வழி வேண்டும், இடையே தடையும் பிற ஒலியும் ஆகா. அடியாற் பேசுகின்றான், களம் முழுதும் சுழன்றாடும் அவனுடைய ஆட்டத்தின் உருவத்தைக் காண்டற்குச் சற்றுத் தொலைவும் உயரமும் வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குத் தீதாதலின், இடம் தேர்தல் என்பது இம்மூன்றையும் துலாக்கோலிலிட்டு நிறுப்பதே என்க.

நான்கு இடங்கள்

சென்ற கோடை விடுமுறையில், அவ்வட்டாரத்துக் குப்பமொன்றில் கர்ண மோட்சக் கூத்து நிகழ்ந்தது. இக்கட்டுரையின் பொருட்டே யாம் மாணவர் இருவர் அங்குச் சென்று, விடியுமளவும் நான்கு இடங்களில் மாறி மாறி அமர்ந்து கண்டோம்.

முதலாவது, களத்தின் விளிம்பு. சிறுவர் அனைவரும் அங்கேதான் இருந்தனர். கட்டியங்காரன் புருவத்தை நெரித்தமையும், நெற்றி அரிதாரத்தில் வியர்வை இழிந்தமையும் ஆங்கே தெளிவாகத் தெரிந்தன. நகைச்சுவைக்கு அதனின் மிக்க இடம் இல்லை. ஆயினும், கூத்தன் ஒரு பக்கத்தார்க்குப் பாடும்பொழுது ஏனைப் பக்கத்தார் அவன் முதுகையே கண்டனர். அவன் சுழன்றாடுங்கால் அடிகள் தெரிந்தனவேயன்றி ஆட்டத்தின் வட்டம் தெரிந்திலது. முகவீணையின் கூரிய ஒலியும் மத்தளமும் பாட்டின் சொற்களைப் பல இடங்களில் விழுங்கிவிட்டன.

இரண்டாவது, இசைப்போரை அடுத்த பக்கம். இசையிற் பழகியவர்க்கு இஃது இனிய இடம். முகவீணைக்காரர் பாடுவோனைப் பின்தொடர்ந்து செல்லும் நுட்பம் ஆங்கே நன்கு விளங்கிற்று. ஆனால் திரைக்குப் பின்னே நின்ற கர்ணனை, திரை விலகும் முன்னரே யாம் பக்கவாட்டிற் கண்டுவிட்டோம். எதிரே இருந்தவர்கள் அரவத்தோடு வியந்தபொழுது எமக்கு வியப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. மறைத்து வெளிப்படுத்தும் கலைக்குப் பக்க இடம் பகையாம் என்பது இதனாற் பெறப்பட்டது.

மூன்றாவது, களத்திற்கு நேரெதிரே ஏறத்தாழ முப்பதடி தொலைவில், கூட்டத்தின் நடுவிடம். பொன்னுருவியும் கர்ணனும் உரையாடும் பகுதியை அங்கிருந்து கண்டோம். முகக்குறிப்பு இன்னும் மறையவில்லை, சொல் தெளிவாக வந்தது, இருவர்க்கும் இடையிலிருந்த வெற்றிடமும் தெரிந்தது. அவ்வெற்றிடத்தைக் கர்ணன் கடக்க முயல்வதும், பொன்னுருவி கடக்கவிடாது நிற்பதுமே அப்பகுதியின் உயிர். அண்மையில் இருந்தபொழுது ஒருவரை நோக்கினால் மற்றவரை இழந்தோம். ஈண்டோ இருவரையும் ஒருசேரக் கண்டோம்.

நான்காவது, கூட்டத்திற்கும் பின்னே, கரையில் இழுத்துவிட்டிருந்த தோணிகளின் மேல், ஏறத்தாழ நூறடி தொலைவில். ஏரியிலிருந்து பிந்தி வந்த வலைஞர் பலர் ஈரம் உலராத துணியோடு ஆங்கு அமர்ந்திருந்தனர். முதியவர் ஒருவர் எமக்கு இடம் ஒதுக்கித் தந்து, “முன்னே இருந்தால் முகம் தெரியும் தம்பி, இங்கிருந்தால் கூத்துத் தெரியும்” என்றார். உயரத்தினால் ஆட்டத்தின் முழு உருவமும் ஆங்கே தெரிந்தது உண்மை. முகமோ தெரிந்திலது. சொற்களிற் பாதியை அவர்கள் காதாற் கேட்கவில்லை, பல்லாண்டுப் பழக்கத்தால் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார்கள். அக்கதையை முதன்முறை காணும் இளைஞன் ஒருவன் அருகில் இருந்தான். அவன் நள்ளிரவிலேயே உறங்கிவிட்டான்.

ஒலியும் காற்றும்

இவ்வேறுபாடுகளின் காரணத்தை இயற்கைநூலார் கூறும் சில உண்மைகள் விளக்கும். திறந்த வெளியில், தொலைவு இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கிலொரு பங்காகக் குறையும். அன்றியும், ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒளியோ கணத்தில் வந்தடையும். தோணிமேல் இருந்த எமக்குக் காற்சலங்கையின் ஒலி, அடி மண்ணிற் பட்டதைக் கண்டபின் ஏறத்தாழ பத்திலொரு வினாடி பிந்தி வந்தது. வினாடிக்கு நான்கு அடி விழும் விரைந்த நடையில் இஃது அரையடிக்குச் சற்றே குறைந்த பிழையாம். கண் ஒரு தாளத்தையும் செவி மற்றொரு தாளத்தையும் கொண்டால் ஆட்டத்தின் இன்பம் தளர்கின்றது. முப்பதடியிலோ அப்பிழை நாற்பதிலொரு வினாடியளவே. அதனை எவரும் உணரார். இனி, தலைகளை உராய்ந்து செல்லும் ஒலியை அமர்ந்திருக்கும் உடல்களும் மணலும் உண்டுவிடும். ஆதலின் கூட்டத்தின் பின்னே சமநிலத்தில் இருப்பவனைவிடத் தோணிமேல் இருப்பவனுக்கு நன்கு கேட்கும்.

கடற்கரையில் காற்றையும் எண்ணவேண்டும். நம் முன்னோர் கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் வழங்கினர். பகலில் நிலம் சூடேறுதலாற் கடலிலிருந்து வீசும் காற்று, இரவு முதிர நிலம் குளிர்ந்தபின் திரும்பி நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும். அன்று கூத்தர் கிழக்கு நோக்கி ஆடினர், கூட்டம் அவர்க்குக் கிழக்கே இருந்தது. முன்னிரவில் எதிர்க்காற்றாக இருந்தது பின்னிரவில் துணைக்காற்றாயிற்று. மங்கிக் கேட்ட பாட்டு விடியற்புறத்தே தோணிவரையிலும் நன்கு எட்டிற்று. மணல் குளிர்ந்து, அதனை அடுத்த காற்றும் மேற்காற்றினும் குளிர்ந்து நிற்குங்கால், மேலே செல்லும் ஒலி கீழே வளைந்து நெடுந்தொலைவு செல்லும் என்பதும் ஈண்டு அறியத்தக்கது. ஏரியின் நடுவே வலை வைப்பவர்க்கும் கூத்துப் பாட்டுக் கேட்பது இதனாலேயே. மற்றொரு நன்மையும் விளைந்தது: விடியற்கதிர் காண்போர் கண்ணிற் படாது, கூத்தர் முகத்திற் பட்டது. எனவே விடியுமளவும் நிகழும் கூத்தில், கிழக்கு நோக்கி அமர்தல் கூடியவரை விலக்கத்தக்கது.

ஒலிபெருக்கி வந்தபின் இவ்விதிகள் பயனிழந்தன என்று கருதற்க. கம்பத்திற் கட்டிய குழாயின் அருகே இருப்பவன் கூத்தனைக் களத்திற் காண்கின்றான், அவன் குரலைத் தன் பிடரியிற் கேட்கின்றான். ஆகவே ஒலிபெருக்கிகள் இரண்டிற்கும் ஒத்த தொலைவிலுள்ள நடுவிடமே இன்றும் தக்கது.

நூல்கள் கூறுவன

இவ்வறிவு புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் அளவை ஓதுமிடத்து, இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கூறுவர். விரலை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொண்டால், அரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையதாய், 2 அடி உயர்ந்து நிற்கும். தூண்களின் நிழல் புறத்தே விழுமாறு விளக்கு நிறுத்தல் வேண்டும் என்றும் கூறுவர். ஆடுவோளைப் போலவே காண்போன் கண்ணையும் கருதியே அரங்கு அமைக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வடமொழி நாட்டிய சாத்திரத்துள் பரதர், மாந்தர்க்குரிய நாடக சாலை 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உடையதாதல் வேண்டும் என்றும், அதனின் மிக்கால் சொல் தெளிவிழக்கும், முகத்தின் மெய்ப்பாடு புலப்படாது என்றும் ஓதினார். அதிற் பாதி காண்போர்க்கு உரியது. முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால், அரங்கின் எதிரே கடைசியில் இருப்பவனும் 48 அடிக்கு அப்பால் இரான். இருக்கைகளைப் படிக்கட்டுப் போல ஒன்றினொன்று உயர அமைக்க என்றும் அவர் விதித்தார். கிரேக்கர் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எபிதௌரசு என்னும் ஊரில் மலைச்சரிவைக் குடைந்து கல்லாற் படியிருக்கை அமைத்ததும் இக்கருத்துப் பற்றியே. தோணிமேல் அமர்ந்த வலைஞர் தம் பட்டறிவாற் கண்ட உண்மையும் இதுவே.

மண்டபத்தில் இடம் தேர்தல்

மணலிற் கற்றதனை மண்டபத்திற்கு ஏற்றிக் கூறுவோம். சீட்டு வாங்கி இசைநாடகம் காணச் செல்லும் நண்பர்கள் கீழ்வருவனவற்றைக் கருதுக.

முதலாவது, மேடையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தொலைவு முதல், அதன் இருமடங்கு தொலைவிற்குள் அமர்க. இருபதடிக் களத்திற்கு எமக்கு முப்பதடி பொருந்தியது. நாற்பதடி மேடைக்கு அறுபதடி பொருந்தும். முதல் வரிசையைப் பெருமை பற்றி விரும்புவோர், அண்ணாந்து நோக்கும் கழுத்து நோவையும், அடிகள் மேடை விளிம்பில் மறைதலையும் விலையாகக் கொடுப்பர்.

இரண்டாவது, மேடையின் இரு ஓரங்களிலிருந்தும் நேரே இரு கோடுகள் பின்னோக்கிச் செல்வதாகக் கருதி, அவற்றிற்கு உட்பட்ட இடத்தையே தேர்க. வெளியே இருப்பவன் திரைமறைவைக் காண்பான், மேடையின் ஒரு மூலையை இழப்பான்.

மூன்றாவது, பக்கவாத்தியக்காரர் மேடையின் ஒருபுறத்தே அமர்வாராயின், நடுவிற்குச் சற்று மறுபுறமாக அமர்க. சொல் தெளிவுபடும்.

நான்காவது, மாடத்தின் முதல் வரிசை மிக நன்று; மாடத்தின் கீழே ஆழ்ந்துள்ள கடைசி வரிசைகள் தீயன. அங்கு மேற்கூரை தாழ்ந்து ஒலியை மழுங்கச் செய்யும்.

ஐந்தாவது, நாடகத்தின் வகையை அறிக. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் பாட்டும், பாட்டால் நிகழும் தர்க்கமுமே உயிர். அங்குச் சொல்லை இழந்தவன் யாவும் இழந்தான். ஆதலின் அண்மையை நாடுக. பலர் சேர்ந்தாடும் ஆட்டமும் பெருங்காட்சியும் மிக்க நாடகங்களுக்கு உயரத்தை நாடுக. இலண்டனில் 1986ஆம் ஆண்டு அரங்கேறிய ‘பாண்டம் ஆஃப் தி ஓபரா’ என்னும் இசைநாடகத்தில், அவையோர் தலைக்குமேல் தொங்கும் சரவிளக்கு ஒன்று கதையில் ஓர் உறுப்பாகவே வருகின்றது. அத்தகையதனை மேடையோடு ஒருசேரக் காண்டற்கு மாடத்தின் முன்வரிசையே ஏற்றது.

நல்ல இடம் யார்க்கு உரியது?

இதுகாறும் கூறியது தனியொருவன் தனக்கு நல்லிடம் தேடும் வழி. அவன் அதனைப் பெற்றால் மற்றொருவன் அதனை இழக்கின்றான் என்பதை மறத்தலாகாது. நடுவிடம் சிறிது, அதனை விரும்புவோர் பலர். பண்டை நாடகக் கொட்டகைகளில் நாற்காலி, பெஞ்சு, தரை என்று பணமே இதனைத் தீர்த்தது. மணலிற் பணம் இல்லை. ஆயினும் முந்தி வருவோர்க்கே இடம் என்னும் விதி உண்டு. அவ்விதி நேர்மையானது போலத் தோன்றும். முந்தி வரக்கூடியவர் யார்? ஓய்வுடையவர். ஈரத் துணியோடு தோணிமேல் இருந்தோர் கூத்தை மற்றவரினும் குறைவாக விரும்பியவரல்லர், குறைவாக ஓய்ந்தவரே. கைக்குழந்தையை எழுந்து எழுந்து ஆற்றவேண்டிய தாயரும், செவி மந்தமான முதியோரும் இவ்வாறே ஓரங்களில் ஒதுங்கினர்.

இதற்குத் தீர்வு அக்குப்பங்களின் தொழில் வழக்கத்திலேயே உள்ளது. பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்னும் முறை ஒன்று உண்டு. முகத்துவாரத்தை அடுத்து இறால் மிகுந்து கிடைக்கும் நீரிடங்களை வகுத்து, உரிமையுடையோர் அவற்றைக் குலுக்கலாலும் முறைவைப்பாலும் தமக்குள் பகிர்ந்துகொள்வர். வளமான இடம் என்றும் ஒருவனுக்கே உரியதாகாது. இன்று வளமிக்க பாட்டில் வலை வைத்தவன் மற்றொரு நாள் வளம் குன்றிய பாட்டிற்குச் செல்வான். அவ்வுரிமை எல்லா ஊரார்க்கும் இல்லை என்பதும், அதுபற்றிப் பிணக்குகள் எழுந்தன என்பதும் உண்மையே. ஆயினும், நல்லிடம் சிறிதாயும் வேண்டுவோர் பலராயும் உள்ளவழி, வலிமையாலோ விரைவாலோ அன்றி முறையாற் பகிர்தல் வேண்டும் என்னும் கருத்து அதனுள் பொதிந்துள்ளது. நீரிற் கைக்கொண்ட அறத்தை மணலிலும் ஏன் கைக்கொள்ளலாகாது?

கூத்தின் அமைப்பே இதற்கு இடந்தருகின்றது. ஒரு பகுதி முடிந்து மறு வேடம் திரைக்குப் பின் வந்து நிற்கும் இடைவேளைகள் இரவில் பல. அவ்வேளைகளில் நடுவில் இருந்தோர் எழுந்து பின்னே சென்று, பின்னே இருந்தோர் நடுவிற்கு வருவாராயின், விடிவதற்குள் அனைவரும் முகத்தையும் கண்டிருப்பர், முழு ஆட்டத்தையும் கண்டிருப்பர். சிறுவர் விளிம்பிலேயே இருக்கட்டும். அவர் எவர் கண்ணையும் மறையார். செவி மந்தமானோர்க்கு நடுவிடம் இரவு முழுதும் நிலையாக இருக்கட்டும்.

இக்கருத்து எம் போன்ற மாணவர்க்கும் உரியதே. கல்லூரி ஆண்டுவிழா நாடகங்களில் முன்னிரு வரிசைகள் விருந்தினர்க்கென ஒதுக்கப்படுதல் எங்கும் வழக்கம். அம்மரபை யாம் குறைகூறவில்லை. மேற்கூறிய அளவின்படி மிகச் சிறந்தவை அவ்வரிசைகள் அல்ல, ஐந்தாவது முதல் பத்தாவது வரையுள்ள நடு இருக்கைகளே. அவற்றை முந்தி ஓடிவந்து கைக்குட்டை விரிப்போர்க்கு விடாது, குலுக்கற்சீட்டால் வகுப்புதோறும் பகிர்ந்தளித்து, இடைவேளையின்பின் மாற்றியமைத்தல் எளிது. நாடகத்தில் விருப்பமில்லாதவனுக்கு நல்லிடம் வீழ்ந்தால் என் செய்வது என்று வினவுவார் உளர். அவன் அதனை நண்பனுக்கு ஈயலாம். அன்றி, நல்லிடத்தில் அமர்ந்ததனாலேயே அவனுக்கு விருப்பம் பிறத்தலும் கூடும்.

இப்பின்னதே யாம் பெரிதும் கருதுவது. நாட்டில் கூத்து அருகிவருகின்றது என்று வருந்துவோர், இளைஞர்க்குச் சுவை இல்லை என்பர். சுவை நாவிற் பிறப்பதன்றோ? நாவிற்கு எட்டாத உணவைச் சுவையற்றது என்று ஒருவன் கூறினால் அது உணவின் குறையன்று. தோணிமேல் உறங்கிப்போன இளைஞனுக்குக் கர்ணன் முகம் தெரிந்திலது, பொன்னுருவியின் சொல் கேட்டிலது. அவன் உறங்காது வேறு என் செய்வான்? அவனை ஒரு நாழிகை நடுவிடத்தில் அமர்த்தியிருந்தால் அடுத்த ஆண்டு அவனே தன் தோழரை அழைத்து வந்திருப்பான். கலையைக் காத்தற்குப் பெரும்பொருளும் பேரவையும் வேண்டுமென்பது மெய்யே. அவற்றிற்கு முன்னே, நன்கு கண்டவர் சற்று எழுந்து, காணாதவர்க்கு இடங்கொடுத்தல் வேண்டும். இதற்குச் செலவில்லை.